புதுவைப் பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கும் தமிழின் இடமும்

(புதுச்சேரியில் தமிழ்ப் பற்றாளரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் மேத் திங்கள் பிறந்துவிட்டால் புதுவைத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். சுவரெங்கும் வண்ணத் தாள்கள். அவற்றில் சிறுவர் சிறுமியர் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்னும் முழக்கம். நாளிதழ்கள் பள்ளிகளை நிரல்படுத்தி வெளியிடுகின்றன. தேநீர்க் கடையிலும், நியாயவிலைக் கடை வரிசையிலும், கோயில் திண்ணையிலும் பேச்சு ஒன்றே. எந்தப் பள்ளி முந்தியது? எந்தப் பள்ளி பிந்தியது? அப்பேச்சு வந்து முடியும் இடமும் பெரும்பாலும் ஒன்றே: "அரசுப் பள்ளி பிந்திவிட்டது, கடன்பட்டாயினும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட வேண்டியதுதான்."

ஒப்பிடுவது குற்றமன்று. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி எவ்வாறு நடக்கின்றது என்று மக்கள் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் ஒப்பீட்டுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. களத்து மேட்டில் நெல்லை அளக்கும் உழவரைக் கேட்டால் அதனைச் சொல்லிவிடுவார். ஒரே மரக்காலால் அளந்த குவியல்களைத்தாம் ஒப்பிடலாம். பதரைத் தூற்றிவிட்டு அளந்த குவியலையும், தூற்றாமல் அளந்த குவியலையும் பக்கத்தில் வைத்துப் பேசுதல் கூடாது. இந்த எளிய முறையைப் பள்ளிகளின் திறத்தில் படித்தவர்களும் மறந்துவிடுகின்றனர்.

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்றார் திருவள்ளுவர். பள்ளிகளை ஒப்பிடுவோர் எண் என்னும் ஒரு கண்ணால் மட்டுமே பார்க்கின்றனர். எழுத்து என்னும் மறு கண்ணை மூடிக்கொள்கின்றனர். விழுக்காடு தெரிகின்றது, அந்த விழுக்காட்டைப் பெற்ற பிள்ளை எம்மொழியில் எழுதிற்று, எம்மொழியை இழந்தது என்பது தெரியவில்லை. இரு கண்ணையும் திறந்து இக்கணக்கைப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மரக்கால் ஒன்றுதானா?

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என நான்கு பகுதிகள் சேர்ந்தது புதுவை ஒன்றியப் பகுதி. பிரெஞ்சியர் ஆட்சி 1954 நவம்பர் 1 ஆம் நாள் நடைமுறையில் விலகியது. 1962 ஆகத்து 16 ஆம் நாள் சட்டப்படி முழுமையாக முடிந்தது. ஆட்சி மாறிய பின்னும் புதுவைக்கெனத் தனித் தேர்வு வாரியம் ஒன்று அமையவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாகிப் பிள்ளைகள் கேரளத் தேர்வை எழுதினர். ஏனாம் பிள்ளைகள் ஆந்திரத் தேர்வை எழுதினர். ஒரே ஆட்சி, ஒரே கல்வித்துறை, மரக்கால்களோ மூன்று.

அம்மூன்று மரக்கால்களும் எவ்வாறு அளந்தன என்பதற்கு 2024 ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வே சான்று. அவ்வாண்டு கேரள மாநிலத்தின் தேர்ச்சி 99.69 விழுக்காடு. தமிழ்நாட்டின் தேர்ச்சி 91.55 விழுக்காடு. ஆந்திரத்தின் தேர்ச்சி 86.69 விழுக்காடு. அடுத்த ஆண்டு, 2025இல், கேரளம் 99.5, தமிழ்நாடு 93.80, ஆந்திரம் 81.14. மலையாளப் பிள்ளை பிறப்பிலேயே அறிவு மிக்கது என்றோ, தெலுங்குப் பிள்ளை அறிவு குறைந்தது என்றோ எவரேனும் சொல்வரா? சொல்லார். வினாத்தாளின் கடுமை வேறு. விடைத்தாள் திருத்தும் முறை வேறு. பள்ளியிலேயே வழங்கப்பெறும் அகமதிப்பீட்டின் பங்கு வேறு. ஆகவே விழுக்காடும் வேறாயிற்று. மாகிப் பள்ளியையும் ஏனாம் பள்ளியையும் விழுக்காட்டால் ஒப்பிட்டவர் பள்ளிகளை ஒப்பிடவில்லை, வாரியங்களையே ஒப்பிட்டனர்.

இனிப் புதுவை நகருக்கே வருவோம். 2023-24 ஆம் கல்வியாண்டில் புதுவை அரசு தன் பள்ளிகளின் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளையும் 11 ஆம் வகுப்பையும் சி.பி.எசு.இ. என்று சுருக்கி வழங்கும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாற்றியது. தொடக்க வகுப்புகள் அதற்கு முன்பே, 2014-15 தொடங்கிப் படிப்படியாக மாற்றப்பட்டிருந்தன. அதன்படி 2025 ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் முதன்முறையாக நடுவண் வாரியத் தேர்வை எழுதினர். அதே ஆண்டில் தனியார் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகள் முன்போலத் தமிழ்நாட்டு வாரியத் தேர்வையே எழுதினர். ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பள்ளிகள் இரண்டு மரக்கால்களால் அளக்கப்பட்டன.

அவ்விரண்டு மரக்கால்களின் அளவையும் பாருங்கள். 2025இல் தமிழ்நாட்டு வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. நடுவண் வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி நாடு முழுமைக்கும் 88.39 விழுக்காடு. தமிழ்நாட்டுத் தேர்வில் பாடந்தோறும் நூற்றுக்கு 35 பெறவேண்டும். நடுவண் தேர்வில் 33 போதும். கடக்க வேண்டிய கோடு தாழ்ந்திருக்கும் இடத்தில் தேர்ச்சியும் தாழ்ந்திருக்கின்றது. இதனாலேயே இவை ஒப்பிடத் தகாதவை என்பது விளங்கும். நடுவண் வாரியத்துக்குள்ளேயே விசயவாடா மண்டலம் 99.60 விழுக்காடு பெற, பிரயாகுராசு மண்டலம் 79.53 விழுக்காடு பெற்றது. வாரியம் ஒன்றாயினும், எழுதுவோர் எப்படிப்பட்ட பள்ளியினர், எப்படிப்பட்ட வீட்டினர் என்பதற்கேற்பக் கணக்கு இருபது விழுக்காடு ஏறி இறங்குகின்றது. இந்நிலையில் "தனியார் பள்ளி இத்தனை, அரசுப் பள்ளி இத்தனை" என்று ஒரே நிரலில் அச்சிடுவது எந்த முறைமையில் சேரும்?

தூற்றி அளந்ததா? தூற்றாமல் அளந்ததா?

மரக்கால் ஒன்றாகவே இருந்தாலும் இன்னொரு வினா எஞ்சி நிற்கின்றது. தேர்வு எழுதியவர் யார்? எழுதாமல் விடுபட்டவர் யார்?

கணக்குக்காக இரண்டு பள்ளிகளை எண்ணிக்கொள்வோம். முதற் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் 100 பிள்ளைகள். படிப்பில் பின்தங்கிய 30 பேரைப் பள்ளி மெல்ல வெளியேற்றிவிடுகின்றது. பெற்றோரை அழைத்து, "உங்கள் பிள்ளைக்கு இங்கே ஒத்துவராது" என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகின்றது. எஞ்சிய 70 பேர் எழுதுகின்றனர். 70 பேரும் தேர்கின்றனர். சுவரில் 'நூற்றுக்கு நூறு' என்னும் தாள் ஒட்டப்படுகின்றது. இரண்டாம் பள்ளி அரசுப் பள்ளி. அங்கும் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர். ஒருவரையும் விலக்கவில்லை, விலக்கவும் இயலாது. நூற்றுவரும் எழுதுகின்றனர், 88 பேர் தேர்கின்றனர். நாளிதழில் 88 விழுக்காடு என்று வருகின்றது. முதற் பள்ளி கரையேற்றியது 70 பிள்ளைகளை. இரண்டாம் பள்ளி கரையேற்றியது 88 பிள்ளைகளை. புகழோ முதற் பள்ளிக்கு. பழியோ இரண்டாம் பள்ளிக்கு. அன்று வெளியேற்றப்பட்ட முப்பதின்மரும் எங்கே சென்றனர்? பலர் அரசுப் பள்ளியின் வாயிலில்தான் வந்து நிற்பர். அவர்கள் தவறினால் அப்பழியும் அரசுப் பள்ளியின் தலைமேல் ஏறும்.

எண்ணிக்கையும் கருதத்தக்கது. இருபது பேர் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 95 விழுக்காடாகக் குறைந்துவிடும். இருநூறு பேர் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 99.5 விழுக்காடு நிற்கும். சிறு பள்ளியின் விழுக்காடு ஓராண்டு ஏறுவதும் மறு ஆண்டு இறங்குவதும் ஓரிரு பிள்ளைகளின் உடல்நலக் குறைவாலோ, வீட்டுத் துயராலோ நேரலாம். அதனைப் பள்ளியின் வீழ்ச்சி என்று பறையறைவது கணக்கறியாமை.

வீட்டு நிலையும் உண்டு. தாயும் தந்தையும் பட்டம் பெற்ற வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றது. கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் செல்கின்றது. முதற் பிள்ளையை 90 மதிப்பெண்ணிலிருந்து 95க்கு உயர்த்தியவர் நல்லாசிரியரே. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த இரண்டாம் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் 50 மதிப்பெண் பெறச் செய்தவர் ஆற்றிய பணி அதனினும் பெரிது. அப்பணியைக் காட்ட எந்தத் தாளிலும் ஒரு கட்டம் இல்லை.

எம்மொழியில் அளந்தனர்?

இதுவரை சொன்னவை எண்ணைப் பற்றியவை. இனி எழுத்து. உண்மையான இழப்பு இங்கேதான் நிகழ்ந்துள்ளது. இதனைப் பற்றித்தான் எவரும் பேசவில்லை.

தமிழ்நாட்டு வாரியத் தேர்வில் கணக்கு, அறிவியல், குமுகவியல் ஆகிய பாடங்களின் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமையும். விடையையும் தமிழில் எழுதலாம். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அது பிறப்புரிமைபோல் இருந்தது. நடுவண் வாரியத் தேர்வில் அப்பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றது, தமிழில் இல்லை. எந்த இந்திய மொழியையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று அவ்வாரியம் 2023 சூலை 21 ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை விடுத்தது உண்மை. ஆனால் ஆண்டு முழுதும் தமிழில் கற்ற பிள்ளை கடைசி நாளில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தேர்வெழுத வேண்டுமெனில், அவ்விசைவால் விளையும் பயன் என்ன? கதவைத் திறந்துவிட்டுப் படியை இடித்துவிட்டதுபோல் அன்றோ இது இருக்கின்றது?

மொழிப்பாடமாகவேனும் தமிழ் நிற்கின்றதா எனப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டுத் தேர்வுக்குரிய நடுவண் திட்டப்படி 9, 10 ஆம் வகுப்புகளில் இரண்டு மொழிகள் கற்க வேண்டும். அவற்றுள் ஒன்று ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருந்தே தீரவேண்டும். தமிழுக்கு இரண்டாமிடம் கிடைக்கலாம். 11, 12 ஆம் வகுப்புகளிலோ கட்டாய மொழி ஒன்றே; அதுவும் ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழை விரும்பினால் எடுக்கலாம். எடுக்காமல் வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டும் போகலாம். தமிழ்நாட்டு வாரியத்தின் மேனிலைத் தேர்வில் பகுதி ஒன்றாக நின்ற தமிழ், நடுவண் வாரியத்தில் விருப்பப் பாடமாகக் கீழிறங்கிவிட்டது.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஓட்டையே இல்லை என்பதன்று. அங்கும் மேனிலையில் பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சு, இந்தி, சமற்கிருதம் முதலியவற்றை எடுக்க இடமுண்டு. எளிதில் மதிப்பெண் அள்ளலாம் என்று கருதித் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிரெஞ்சு எடுத்ததைப் புதுவை நெடுநாளாகக் கண்டுவருகின்றது. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும் அறிந்து, ஓர் உரையாடலும் நிகழ்த்த இயலாமல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிரெஞ்சு அது. அதனால் பிரெஞ்சுக்கும் பயனில்லை, தமிழுக்கும் இழப்பு. சுவரில் ஒட்டிய தாளில் அம்மதிப்பெண்ணும் பெருமையாகச் சேர்ந்துகொண்டது. தமிழ் எழுதி 80 பெற்ற பிள்ளை பின்தங்கிய பிள்ளை. தமிழைக் கைவிட்டு 95 பெற்ற பிள்ளை முன்னேறிய பிள்ளை. இதுவும் ஓர் ஒப்பீடாம்!

தமிழ்நாடு 2006 ஆம் ஆண்டில் தமிழ் கற்றல் சட்டம் இயற்றி, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு வகுப்பாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாய பாடமாக்கியது. அச்சட்டம் புதுவை எல்லையில் நின்றுவிட்டது. புதுவைக்கும் 1965 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஒன்று உண்டு. தமிழே ஆட்சிமொழி என்று அது கூறுகின்றது. ஆட்சிமொழியை அறியாமலே ஒரு பிள்ளை மேனிலைக் கல்வியை முடித்து, அரசுப் பணிக்கும் வந்துவிடலாம் என்றால், அவ்வாட்சிமொழி ஏட்டுச் சுரைக்காய்தான்.

பிரெஞ்சியர் ஆண்ட காலத்தை நினைந்து பாருங்கள். அன்று செர்த்திபிகா, பிரவே என்னும் தேர்வுகளைத் தாண்டியவர்க்கே மதிப்பு. பிரெஞ்சு மொழியே அலுவலுக்கு வழி. ஆயினும் அவ்வயலார் ஆட்சியிலும் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர் பணி இருந்தது. பாவேந்தர் பாரதிதாசன் 1909இல் அப்பணியில் அமர்ந்து 1946 வரை 37 ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். அயலான் ஆண்டபோது பள்ளியில் நின்ற தமிழ், மக்களாட்சியில் விருப்பப் பாடமாவது வரலாற்றின் எள்ளல்.

நகரின் அரசுப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளை ஒருமுறை படித்துச் செல்லுங்கள். வ.உ.சி. அரசு மேனிலைப்பள்ளி, திரு.வி.க. அரசு மேனிலைப்பள்ளி, திருவள்ளுவர் அரசு மகளிர் மேனிலைப்பள்ளி, சுப்பிரமணிய பாரதியார் அரசு மகளிர் மேனிலைப்பள்ளி, சீவானந்தம் அரசு மேனிலைப்பள்ளி. வாயிலில் தமிழ்ப் பெருமக்களின் பெயர். உள்ளே அவர்கள் எழுதிய மொழியில் அறிவியல் தேர்வெழுத இடமில்லை. பெயரைப் பலகையில் எழுதுவதனால் மட்டும் அப்பெருமக்களுக்குச் செய்ய வேண்டிய கடன் தீர்ந்துவிடுமா?

கடற்கரைச் சிறுமியின் அறிவு

வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வாடைக்காற்று எப்பொழுது எழும், கொண்டல் எப்பொழுது திரும்பும், கச்சான் வீசினால் கடல் என்ன நிறம் கொள்ளும் என்பன அவளுக்குப் பாட்டன் வாயிலாகத் தெரியும். வலையில் விழுந்த மீனின் பெயரும் பருவமும் தெரியும். புவியியல் பாடத்தில் பருவக்காற்று வருகின்றது. அவள் அறிந்த காற்றுத்தான். ஆனால் பாடத்தில் அது அவள் அறியாத மொழியில் வீசுகின்றது. ஆசிரியர் ஆங்கில வரியைப் படிக்கின்றார், கரும்பலகையில் எழுதுகின்றார், சிறுமி படியெடுக்கின்றாள், மனப்பாடம் செய்கின்றாள். தேர்வில் வினா சற்றே மாறி வந்தால் மனப்பாடம் உதவுவதில்லை. 'பருவக்காற்று ஏன் திசை மாறுகின்றது?' என்று தமிழில் கேட்டால் அவள் ஒரு பக்கம் எழுதுவாள். ஆங்கிலத்தில் கேட்கின்றனர், இரண்டு வரி எழுதி நிறுத்திவிடுகின்றாள். விடைத்தாளில் குறைந்த மதிப்பெண் விழுகின்றது. அவளுக்கு அறிவு குறைவு என்று ஊர் முடிவு செய்கின்றது. அவளும் அதனை நம்பிவிடுகின்றாள். விழுக்காட்டுக் கணக்கில் இடம்பெறாத பேரிழப்பு, அவள் உள்ளத்தில் விழுந்த இந்த நம்பிக்கைதான்.

தாய்மொழியே கல்விக்குத் தக்க வாயில் என்பது தமிழ்ப் பற்றாளரின் தனிக்கருத்தன்று. யுனெசுகோ என்னும் உலக அமைப்பு 1953இல் வெளியிட்ட அறிக்கையில் இதனைத் தெளிவாகச் சொல்லிற்று. இந்திய அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க ஏந்துகள் செய்யுமாறு கூறுகின்றது. 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 29 ஆம் பிரிவும், இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கின்றது. சட்டம் சொல்வது ஒன்று. பள்ளியில் நடப்பது வேறொன்று.

சொல்லப்படும் மறுப்புகள்

"நீட்டு முதலிய நுழைவுத்தேர்வுகளுக்கு நடுவண் பாடத்திட்டமே உதவும், அதற்காகத்தான் மாற்றினோம்" என்பது முதல் மறுப்பு. ஏழைப் பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்னும் நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் ஒன்றைக் கருதுங்கள். மருத்துவ நுழைவுத்தேர்வின் வினாத்தாளே 2017 முதல் தமிழில் கிடைக்கின்றது. பொறியியலுக்குரிய கூட்டு நுழைவுத்தேர்வும் 2021 முதல் தமிழில் நடக்கின்றது. நுழைவுத்தேர்வில் தமிழ் இருக்கின்றது. அந்நுழைவுத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லப்படும் பள்ளித் தேர்வில் தமிழ் இல்லை. இம்முரணுக்கு விடை சொல்வார் யார்? 2018இல் நீட்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைபட்டது என வழக்கெழுந்தது. உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொல்லியும் உச்சமுறைமன்றம் அதனை ஏற்கவில்லை. தமிழில் அறிவியல் கற்பிக்கும் பள்ளிகள் குறைந்தால் தமிழில் அறிவியல் எழுத வல்லாரும் குறைவர். அவர் குறைந்தால் இத்தகைய பிழைகளே பெருகும். மேலும், நுழைவுத்தேர்வை நாடுவோர் வகுப்பில் சிலரே. அச்சிலருக்காக எல்லாப் பிள்ளைகளின் மொழியையும் மாற்றுவது ஒரு மரத்துக்காகத் தோப்பையே பிடுங்கி நடுவதாகும்.

"ஏழைப் பெற்றோரே ஆங்கிலவழியைக் கேட்கின்றனர்" என்பது இரண்டாம் மறுப்பு. கேட்கின்றனர், மெய்தான். ஆங்கிலம் வேலைக்கு வழி என்று அவர்கள் காண்கின்றனர். அதற்குரிய மருந்து ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக நன்கு கற்பிப்பது. நல்ல ஆங்கில ஆசிரியரை ஒவ்வொரு பள்ளியிலும் அமர்த்துவது. கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் ஊட்டினால் ஆங்கிலமும் வாராது, கணக்கும் வாராது. நீந்தக் கற்பிக்க வேண்டுமெனில் ஆழமறிந்த குளத்தில் இறக்குவர். சோறு உண்பதையும் உறங்குவதையும் தண்ணீருக்குள் நடத்தமாட்டார்கள்.

தமிழாசிரியர் குறையும் உண்டு

பழியை அரசின் மேலும் வாரியத்தின் மேலும் மட்டும் சுமத்திவிட்டுத் தமிழாசிரியர் ஒதுங்கிக்கொள்ளுதல் நேர்மையாகாது. தமிழ் வகுப்பு பல பள்ளிகளில் வினா விடைத் துணைநூலை ஒப்பிக்கும் வகுப்பாகிவிட்டது. புணர்ச்சி இலக்கணத்தைப் பிள்ளையின் பேச்சிலிருந்து எடுத்துக்காட்டாமல் நூற்பாவாகத் திணித்து, அதனைக் கசக்கச் செய்தவர்களும் உண்டு. பிழையற ஒரு மடல் எழுதத் தெரியாமலே தமிழில் 90 பெறும் பிள்ளைகளும் இருக்கின்றனர். பிரெஞ்சில் 95 பெற்றவனை எள்ளும்போது இதனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேற்று மொழியில் மதிப்பெண் எளிது என்று பிள்ளை ஓடினால், தமிழ் அவனுக்கு ஏன் சுமையாயிற்று என்று தமிழாசிரியர் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மேடையில் தமிழ் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கும் தமிழன்பர்களும் அதே வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்களே.

மாற்றுவழி காட்டியோரும் உள்ளனர். புதுவைக்கு அண்மையில் திண்டிவனத்து உரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்று ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தமிழ்வழிக் கல்வி வழங்கி வருகின்றது. பெருஞ்செல்வர் துணையின்றி, பற்றாளர் தரும் கொடையால் நடப்பது அது. தனியொரு பள்ளி செய்வதை, ஆசிரியரும் கட்டடமும் சம்பளப் பணமும் உடைய ஓர் அரசு செய்ய இயலாதா?

செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்துபோதல் கூடாது. செய்யத்தக்கன நான்கு.

ஒன்று: கல்வித்துறை பள்ளிகளின் கணக்கை முழுமையாக வெளியிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர், எத்தனை பேர் இடையில் நீங்கினர், எத்தனை பேர் எழுதினர், எத்தனை பேர் தேர்ந்தனர், எந்த வாரியம், எந்தப் பயிற்றுமொழி, தமிழ் எடுத்தோர் எத்தனை பேர் என்னும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இது பொதுவாதல் வேண்டும். இவை இல்லாத விழுக்காட்டை மக்கள் நம்பவேண்டா, இதழ்கள் அச்சிடவேண்டா.

இரண்டு: புதுவைச் சட்டமன்றம் தமிழ் கற்றல் சட்டம் இயற்ற வேண்டும். எந்த வாரியத்தைச் சேர்ந்த பள்ளியாயினும், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் கட்டாய பாடமாக வேண்டும். மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் அவ்வுரிமையே வேண்டும். தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறர் மொழிக்கும் அதனை மறுக்கலாகாது.

மூன்று: நடுவண் வாரியத் தேர்வின் வினாத்தாள் இந்தியில் அச்சிடப்படுவதுபோல் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும், விடையும் தமிழில் எழுத இசைவு வேண்டும், பாடநூல்களும் தமிழில் வேண்டும். இது நிறைவேறும்வரை, தமிழ்வழியில் எழுத விரும்பும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு வாரியத் தேர்வின் வாயில் அரசுப் பள்ளியிலேயே திறந்திருக்க வேண்டும். இந்திக்குள்ள இடம் தமிழுக்கும் வேண்டும் என்று கேட்பது சலுகையன்று, ஒப்புரிமை.

நான்கு: பெற்றோர் பள்ளிக்குள் செல்ல வேண்டும். கல்வியுரிமைச் சட்டம் அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கின்றது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அக்குழுவில் கையெழுத்திட்டுவிட்டு வருவதோடு நின்றுவிடாமல், ஆசிரியர் இடம் நிரம்பியுள்ளதா, தமிழ் வகுப்பு நடக்கின்றதா, நூலகம் திறக்கின்றதா என்று கேளுங்கள். வீட்டிலே நாளும் ஒரு பக்கமேனும் பிள்ளையைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத தாயாயினும் உட்கார்ந்து கேட்கலாம்; தாய் கேட்கின்றாள் என்பதற்காகவே பிள்ளை படிக்கும்.

தமிழ்ப் பெருமக்களே! அடுத்த மேத் திங்களிலும் வண்ணத் தாள்கள் சுவரேறும். அப்பொழுது தாளில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு நடந்துவிடாதீர்கள். எந்த மரக்காலால் அளந்தீர், எத்தனை பிள்ளைகளைத் தூற்றிவிட்டு அளந்தீர், எம்மொழியில் அளந்தீர் என்னும் மூன்று வினாக்களையும் பள்ளியின் வாயிலில் நின்று கேளுங்கள். கல்வித்துறை அலுவலகத்திலும் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடமும் கேளுங்கள். வைத்திக்குப்பத்துச் சிறுமி தான் அறிந்த காற்றைத் தன் மொழியில் எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணைப் பெறும் நாளில்தான் புதுவைப் பள்ளிகள் உண்மையாகத் தேர்ச்சி பெற்றவை ஆகும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்வழிக் கல்வி!